வந்தவர் பட்டியல்

எங்கள் ஆலயத்தின் தெற்குச் சுவரில் ஒரு கறுப்புக் கல் பதித்திருக்கிறார்கள். ஐம்பத்தெட்டுப் பெயர்கள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆராதனையில் இருந்ததனால் கடலுக்குத் தப்பியவர்கள் என்று மேலே வெட்டியிருக்கிறது. அந்தப் பட்டியலை எழுதியவன் நான். அதில் ஒரு பெயர் பொய். சேர்க்காமல் விட்ட ஒரு பெயர் அதைவிடப் பெரிய பொய். கல்லை வைத்தவர்கள் இதை எழுதப்போவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

நான் கடலூர் முதுநகர்க்காரன். பள்ளி அலுவலகம் ஒன்றில் எழுத்தர். கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பேன், எதற்கும் தேதி குறித்து வைப்பேன். சபையின் ஆராதனைப் பதிவேட்டை எழுதும் வேலையை யாரும் எனக்குத் தரவில்லை. நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். எந்த ஞாயிறு எந்தப் பாடம், எந்த ஞானப்பாட்டு, யார் பிரசங்கம், எத்தனை தலை, வெளியே மழையா வெயிலா, எல்லாம் அதில் இருக்கும். பக்கங்களுக்கு எண் போட்டதும் நான்தான். அது எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது உடம்பு எரிகிறது.

அந்த வருடம் கிறிஸ்மஸுக்கு இரண்டு வாரம் முன்பு போதகர் ஒரு யோசனை சொன்னார். பண்டிகையன்று நிற்க இடமில்லாத ஆலயம், அடுத்த ஞாயிறு காலியாகக் கிடக்கிறது. இந்தத் தடவை மறுநாளே ஞாயிறு. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பெயர் பெயராகக் குறித்தால் குட்டு வெளிப்படும். என்னிடம்தான் சொன்னார். எனக்கு இனிப்புக் கொடுத்த மாதிரி இருந்தது.

பெரிய தாளில் கோடு போட்டேன். இடப்பக்கம் வந்தவர். வலப்பக்கம் வராதவர், அதையொட்டிக் காரணம் எழுத ஒரு சின்னப் பத்தி. கிறிஸ்மஸ் அன்று மாலை, சாப்பிட்ட களைப்பில் எல்லோரும் படுத்திருந்தபோது, நான் உட்கார்ந்து வேலையைப் பாதி முடித்தேன். எந்த ஞாயிறும் தவறாத ஆறு பெயர்களை இடப்பக்கத்தில் முன்கூட்டியே எழுதிவிட்டேன். போதகரின் மனைவி, ஆர்மோனியம் வாசிப்பவர், நான், சபைச் செயலர், இன்னும் இரண்டு பேர். பென்சிலில் அல்ல. மையில்.

மறுநாள் காலை ஏழே முக்கால். ஆலயத்தை ஒட்டிய சின்ன அறையில் நான் பாட்டு எண்களை எடுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் சைக்கிள் மணி. என் தங்கையின் கணவர். சிதம்பரத்தில் அரசு அலுவலகத்தில் வேலை, தினமும் பாசஞ்சரில் போய்வருபவர். கையில் இரண்டு டப்பா. ஒன்றை என் மேசையில் வைத்தார்.

"இந்தா மச்சான். அச்சு முறுக்கு, கேக்கு. ஒந்தங்கச்சி குடுத்தனுப்புனா. அவளும் பாப்பாவும் பின்னால நடந்து வராங்க."

"நீ எங்க கெளம்பிட்ட? மணி ஆவுது, உள்ள வா மாப்ள."

"கடக்கரக் குப்பத்துக்குப் போயிட்டு வந்துடறேன். எங்க ஆபீஸ் பியூன் வூட்டுக்கு. தீபாவளின்னா காலையில ஏழு மணிக்கே பலகாரத் தட்டோட எங்க வாசல்ல நிக்கிறான். நாம மட்டும் ஆடி அசஞ்சி மத்தியானம் போனா நல்லாவா இருக்கும்? நேத்தே போயிருக்கணும். நேத்து பூரா கோயில்லயே போயிடுச்சி."

பேசிக்கொண்டே என் தாளை எட்டிப் பார்த்தார்.

"இன்னா இது? பள்ளிக்கூடத்த இங்கயும் தூக்கிக்கினு வந்துட்டியா? சரி, என் பேரயும் போட்டுக்க. பிரசங்கத்துக்குள்ள வந்துடுவேன். போதகரய்யா பிரசங்கம் எங்க போயிடப் போவுது, அது இருக்கும் ஒரு மணி நேரம்."

"வந்து உக்காந்தாத்தான் பேரு, மாப்ள."

"அடேங்கப்பா! மோட்சத்துல ஒன்னத்தான் வாட்ச்மேனாப் போடப் போறாங்க."

சிரித்துக்கொண்டே சைக்கிளைத் திருப்பினார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் வலப்பக்கத்தில் அவர் பெயரை எழுதிவிட்டேன். காரணம்: பலகாரம் கொடுக்க. அந்த இரண்டு வார்த்தையை நான் நக்கலோடுதான் எழுதினேன். போதகர் படித்துச் சிரிக்க வேண்டும் என்று நினைத்தேன்.

இரண்டாவது பாட்டு முடியும்போது வெளியே ஆட்கள் ஓடினார்கள். கடல் ஊருக்குள் வருகிறது என்றார்கள். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவேயில்லை. இதைப் பதிவேட்டில் அன்றே எழுதியிருக்கிறேன். ஆலயத்தில் இருந்தாலும், அதே தெருவில் வீட்டில் போர்த்திப் படுத்திருந்தாலும், அன்று பிழைத்திருப்பார்கள். வலப்பக்கத்தில் நான் எழுதிய அத்தனை குடும்பமும் பிழைத்தது, ஒருவரைத் தவிர.

மாப்பிள்ளையின் உடலை மறுநாள் திங்கட்கிழமை கண்டெடுத்தோம். அவர் பலகாரம் கொண்டுபோன வீட்டில், அந்த பியூன் நண்பரின் தாயாரும் போய்விட்டார். அந்த நண்பர் பிழைத்தார். ஒரு மாதம் கழித்து என் தங்கையிடம் வந்து அழுதார்: "சாரு கெளம்பறேன்னுதாம்மா சொன்னாரு. கோயிலுக்கு நேரமாச்சின்னு செருப்பக்கூடப் போட்டுட்டாரு. எங்கம்மாதான் ரெண்டு இட்லி சாப்ட்டுப் போன்னு உக்கார வச்சிது."

2005 ஜனவரி 2, அடுத்த ஞாயிறு. என் தங்கை அவரை அடக்கம் செய்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. எட்டு வயது மகளோடு மூன்றாவது பெஞ்சில் இருந்தாள். போதகர் என் தாளைப் பிரசங்க மேடைக்குக் கொண்டுபோய் உயர்த்திக் காட்டினார். இந்த இடப்பக்கத்திலே இருக்கிற ஒருவரையும் கடல் தொடவில்லை என்றார். சபை அல்லேலூயா என்றது. தெற்கே, நாகப்பட்டினம் பக்கம், பண்டிகைக்குக் கடலோர ஆலயம் வந்து கும்பிட்டுவிட்டு நின்ற எத்தனையோ பேரைத் தண்ணீர் வாரிக்கொண்டு போனதை எல்லாப் பத்திரிகையும் எழுதியிருந்தது. போதகரும் படித்திருப்பார். நானும் படித்தேன். அல்லேலூயாவில் என் குரலும் இருந்ததா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் குறித்து வைக்கிறவன் அதைக் குறித்து வைக்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் மாதர் சங்கத்து அம்மாள் ஒருவர் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு மணி நேரம் ஆண்டவருக்குக் குடுத்திருந்தா இன்னிக்கி ஒன் பக்கத்துல இருந்திருப்பாரு இல்லம்மா?" அன்பாகத்தான் சொன்னார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய அந்தத் தவக்காலத்திலேயே, சபையில் குடும்பத்துக்கு ஒன்றாக வருகை அட்டை வந்தது. ஞாயிறுதோறும் ஒரு குறி. அட்டையை வடிவமைத்தவன் யார் என்று சொல்ல வேண்டுமா?

2005 டிசம்பர் 26 திங்கட்கிழமை. முதல் வருட நினைவு ஸ்தோத்திர ஆராதனை. வந்தவர் பட்டியலை நான் வாசிக்க, பெயர் வரும்போது ஒவ்வொருவரும் எழுந்து நிற்க வேண்டும் என்று ஏற்பாடு. வாசித்தேன். என் தங்கையின் பெயர் வந்தது. மகளின் பெயர் வந்தது. இருவரும் எழுந்து நின்றார்கள். புருஷன் செத்த நாளில், செத்ததற்குக் காரணம் அவர் இந்தப் பெஞ்சில் உட்காராததுதான் என்று சொல்லும் கூட்டத்தின் நடுவே, தப்பியவளாக அவளை நிற்கவைத்தது என் குரல்.

அடுத்து சபைச் செயலரின் பெயரை வாசித்தேன். அவர் எழுந்து, கைகளைக் கூப்பி, கண்ணை மூடினார். அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. அவர் அன்று வரவில்லை. நெல்லிக்குப்பத்தில் மகள் வீட்டில் கிறிஸ்மஸ் கொண்டாடிவிட்டு, மதியம் ஊர் முழுக்க அழுதுகொண்டிருந்தபோதுதான் திரும்பினார். அவருடைய நாற்காலி காலியாக இருந்தது என் கண்முன் வந்தது. நான் முன்கூட்டி மையில் எழுதிய ஆறு பெயரில் அவரும் ஒருவர். அவருக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டே நின்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அவருக்குப் பயந்து அல்ல. என் பதிவேடு தவறு என்று ஊருக்குத் தெரிந்துவிடுமே என்றுதான். ஐந்து வருடம் அதே பட்டியலை வாசித்தேன். 2006 செவ்வாய், 2007 புதன், 2008 வெள்ளி, 2009 சனி. கிழமைகூடத் தப்பாமல் எழுதி வைத்திருக்கிறேன்.

தங்கை 2006 நடுவில் சிதம்பரத்துக்குக் குடிபோனாள். மாப்பிள்ளையின் அலுவலகத்திலேயே அவளுக்கு வேலை கிடைத்தது. அதற்குப் பெயர் கருணை அடிப்படை நியமனம். அரசாங்க விதிப் புத்தகத்தில்கூட அப்படி ஒன்று இருக்கிறது. அதன்பிறகு டிசம்பர் 26 அன்று அவள் எங்கள் ஆலயத்துக்கு வருவதில்லை. டப்பாவில் பலகாரத்தோடு முதல் பஸ்ஸில் வந்து, நேராகக் குப்பத்துக்குப் போய்விட்டுத் திரும்பிவிடுவாள். நான் வாசிக்கும்போது அவள் பெயருக்கு யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். சபை வருத்தத்தோடு தலையை ஆட்டும்.

2010இல் டிசம்பர் 26 மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை. அதைக் கண்டுபிடித்துச் சொன்னதும் நான்தான். கமிட்டிக்கு உற்சாகம் வந்துவிட்டது. பட்டியலைக் கல்லில் வெட்டி அன்று திறப்பது என்று முடிவாயிற்று. அக்டோபரில், சுத்தமான பிரதி ஒன்று கேட்டார்கள். வேறு யார் மூலமும் தெரிவதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று சிதம்பரம் போனேன். அகலப்பாதை வேலை முடிந்து அந்த வருடம்தான் ரயில் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. மாப்பிள்ளை தினமும் போன தடம். சிதம்பரத்துக்கு முந்தின கிள்ளையைத் தாண்டும்வரை நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

தங்கை மேலவீதியில் மாடி வீடு ஒன்றில் இருந்தாள். கல் வைக்கப்போவதைச் சொன்னேன். மகள்தான் முதலில் பேசினாள். பதினான்கு வயது. அப்பனின் வாய்.

"மாமா, வராதவங்களுக்கும் ஒரு கல்லு வப்பீங்களா? அது பெருசா வேணும். நெறைய பேரு."

"சும்மா இருடி," என்றாள் தங்கை. பிறகு என்னிடம்: "அன்னிக்கி ஒரு நாள் நிக்க வச்சீங்க. இப்ப நெரந்தரமா நிக்க வக்கப் போறீங்களா? எம்பேர எடுத்துடுண்ணே. எங்க ரெண்டு பேரு பேரயும் எடுத்துடு."

அப்போதுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏழே முக்கால் மணி, டப்பா, அவர் கேட்டது, நான் சொன்ன பதில். பிறகு செயலரின் பெயர். அந்த ஆளைச் சபைக்கு முன்னால் கிழிக்கப்போகிறேன் என்றேன். மேசையைத் தட்டினேன் என்று நினைக்கிறேன். தண்ணீர் டம்ளர் சாய்ந்தது.

அவள் துணி எடுத்துத் துடைத்தாள்.

"அப்ப வராதவருக்கு ஒரு எடம் குடுக்க ஒனக்குத் தெரியுது."

"அது தப்பா எழுதினதும்மா."

"தப்போ சரியோ, குடுத்த இல்ல? பெரிய மனுசன், எப்பவும் வர்றவரு, வந்துடுவாருன்னு நம்பி எழுதுன. இவரும் வந்துடறேன்னுதான சொல்லிட்டுப் போனாரு? செருப்பப் போட்டுட்டு நின்னாரு இல்ல?" ஈரத் துணியை மடித்தாள். "அந்த ஆளு பேர எடுக்காதண்ணே. அவர அசிங்கப்படுத்தி எனக்கு இன்னா ஆவப்போவுது? அவருக்கு நீ செஞ்சத இவருக்கும் செய்யி. அவ்ளோதான். ஒரே ஒருவாட்டி அவரு பேர அந்தக் கோயில்ல, வந்தவங்களோட சேத்து யாராவது சொல்லணும். எம்பொண்ணு கேக்கணும்."

எத்தனை வருடம் பிரசங்கம் கேட்டிருக்கிறேன், எத்தனை பிரசங்கத்தின் தலைப்பைக் குறித்து வைத்திருக்கிறேன். கிருபை என்ற சொல் அவற்றில் எத்தனை முறை வந்திருக்கும்! அதை எப்படிச் செய்வது என்று ஒருவர் எனக்குச் சொன்னது அன்றுதான், ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு.

நவம்பரில் கமிட்டி கூடியது. ஐம்பத்தொன்பதாவதாக மாப்பிள்ளையின் பெயரை எழுதி, 'ஏழே முக்காலுக்கு வந்தார். என்னால் பதியப்படவில்லை' என்று குறிப்புப் போட்டுக் கொடுத்தேன். இதற்குள் போதகர் மாறியிருந்தார். புதியவர் இளையவர், மரியாதை தெரிந்தவர். தாளைப் படித்துவிட்டுப் புன்னகை செய்தார்.

"ஒங்க வருத்தம் புரியிதுண்ணே. ஆனா வந்து உக்காந்தாத்தான் பேரு, இல்லிங்களா?"

என் வார்த்தை. ஆறு வருடம் கழித்து, எழுத்து மாறாமல், இன்னொருவர் வாயிலிருந்து என் முகத்தில் விழுந்தது. அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். நான் செயலரைப் பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்கலாம். உண்மையைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. இருந்துட்டுப் போவட்டும் என்று சொன்னால் போதும். அந்த அறையில் இலவசமாக ஒரு பெயரைப் பெற்றவர் அவர் ஒருவர்தான்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரூல்ஸுன்னு ஒண்ணு இருக்கு இல்லிங்க. இவருக்குப் போட்டா நாளைக்கி ஆளாளுக்குக் கேப்பாங்க."

செயலரின் விஷயத்தை இழுப்பதில்லை என்று தங்கைக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். சரி, அவள் பெயரையும் மகள் பெயரையுமாவது எடுத்துவிடுங்கள் என்றேன். நடந்ததை எப்படி அழிப்பது என்று கேட்டார்கள். ஐம்பத்தெட்டு என்று தீர்மானம் எழுதினார்கள். வாசிப்பை மட்டும் வழக்கம்போல என்னிடமே விட்டார்கள். வேறு யாருக்கும் அந்தக் கையெழுத்து ஓடாது.

2010 டிசம்பர் 26. ஆலயம் நிறைந்திருந்தது. கல்லின் மேல் வெள்ளைத் துணி. தங்கையும் மகளும் ஐந்து வருடம் கழித்து அன்று வந்திருந்தார்கள். கடைசிப் பெஞ்சில், மடியில் டப்பாவோடு. வாசித்தேன். அவரவர் எழுந்தார்கள். தங்கையின் பெயர் வந்தபோது அவள் அசையவில்லை. மகளும் அசையவில்லை. செயலரின் பெயர் வந்தது. எழுந்தார், கண்ணை மூடினார். ஐம்பத்தெட்டும் முடிந்தது. போதகர் துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஐம்பத்தொன்பதாவது பெயரை வாசித்தேன்.

கடைசிப் பெஞ்சில் இருவரும் எழுந்து நின்றார்கள். தங்கை மகளின் கையில் டப்பா இருந்தது. ஒருவர் பின் ஒருவராகத் தலைகள் திரும்பின.

போதகர் மெதுவாகச் சொன்னார். "அவரு அன்னைக்கி ஆராதனைக்கு வரலியேண்ணே."

"வந்தாரு," என்றேன். "நான்தான் எழுதல."

"ஒக்காருங்க," என்று யாரோ பின்னால் சொன்னார்கள். என்னையா, அவர்களையா, தெரியவில்லை. ஆர்மோனியம் சட்டென்று ஒரு பாட்டைத் தொடங்கியது. அத்தனை பேரும் பாட எழுந்ததில், என் தங்கையும் மகளும் நிற்பது மறைந்துபோயிற்று. துணி விலகியது. கல்லில் ஐம்பத்தெட்டு.

மறுநாளே பதிவேட்டை ஒப்படைத்துவிட்டேன். அதற்கு முன்னால், அந்தத் தாளை நான் ஒட்டி எண் போட்டிருந்த 2004 டிசம்பர் 26ஆம் தேதிப் பக்கத்தைத் திறந்தேன். வலப்பக்கத்தில் இருந்த அவர் பெயரையும், 'பலகாரம் கொடுக்க' என்ற என் நக்கலையும் அடிக்கவில்லை. அடித்தால் நான் செய்ததும் மறைந்துவிடும். இடப்பக்கத்தின் அடியில் அவர் பெயரை மையில் எழுதி, 27.12.2010 என்று தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். அந்தப் பக்கத்தைக் கிழித்தால் எண் விட்டுப்போவது தெரியும்.

2011 டிசம்பர் 30 அன்று அடித்த புயலில் கடலூரில் விழுந்த மரங்கள் எத்தனையோ. எங்கள் ஆலயத்திலும் ஓடுகள் பறந்தன, வேப்பமரம் சாய்ந்து காம்பவுண்டுச் சுவர் போயிற்று. கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. விழ வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை. விழுந்திருந்தால், அதற்கும் யாரையாவது குற்றவாளியாக்கி ஒரு சாட்சி சொல்லியிருப்பார்கள்.

அதற்கு நான்கு நாள் முன்னால், 26ஆம் தேதி திங்கட்கிழமை காலை, நான் ஆலயத்துக்குப் போகவில்லை. தங்கையோடும் மகளோடும் குப்பத்துக்குப் போனேன். மாப்பிள்ளையின் நண்பர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். கரைக்குப் போய்க் கடலில் பால் ஊற்ற ஊரே தயாராகிக்கொண்டிருந்தது. தங்கை டப்பாவைக் கொடுத்தாள். நண்பரின் மனைவி உள்ளேயிருந்து தட்டுகளோடு வந்தார்.

"ரெண்டு இட்லி சாப்ட்டுப் போங்க சார்."

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பழக்கம். எட்டடிக்கப் பத்து நிமிடம்.

"ஒக்காருண்ணே," என்றாள் தங்கை.

உட்கார்ந்தேன். அந்நேரம் ஆலயத்தில் வேறு யாரோ கோடு போட்ட தாளோடு இருந்திருப்பார்கள். வலப்பக்கத்தில் என் பெயர் விழுந்திருக்கும். காரணத்துக்கு நேரே என்ன எழுதினார்களோ.